அம்மனுக்குப் பறிக்காத பூக்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் ரங்கூனின் கிழக்கு ஓரத்தில், தின்கன்ஜூனில் குடியிருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் பசுண்டாங் ஓடைக் கரையில் இருந்த ஓர் அரிசி மில்லில் பிட்டர். இயந்திரம் நின்றால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. ஏணியில் ஏறி, பெல்ட்டை மாட்டி, அதை ஓட விட்டுவிட்டுத்தான் இறங்குவார். மில்லில் மட்டும்தான் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலும் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தெரியாத மனிதர். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டேதான் சாப்பாடு. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று நான் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தக் காலில்தான் அடிபட்டது. மழைக்காலம் முடிகிற நேரம். நெல் படகிலிருந்து கரைக்குப் போட்டிருந்த பலகையின் ஈரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். வலது தொடை எலும்பு முறிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, இடுப்பிலிருந்து பாதம் வரை நீளமாகக் கட்டை வைத்துக் கட்டி, கால் அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை முட்டுக் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருக்கோடியில் இருந்த வங்காளி டாக்டர் அவ்வப்போது வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

வீட்டுக்கு வந்த முதல் வாரமே இவர் தம் வேலையைக் காட்டிவிட்டார். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு காலால் நிற்க முடிகிறதா என்று சோதனை செய்திருக்கிறார். கூடிக்கொண்டு வந்த எலும்பு மறுபடி விலகிவிட்டது. திரும்ப ஆஸ்பத்திரி, திரும்ப இழுத்துக் கட்டுதல். கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த எனக்கு இவர் கத்தின சத்தம் கேட்டது. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

வங்காளி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் புரியட்டும் என்று இந்துஸ்தானியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இன்னொரு முறை விலகினால் கால் கோணலாகத்தான் கூடும், ஒரு கால் குட்டையாகிவிடும், ஏணி ஏறுகிற பிழைப்பை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். கட்டுவது என் வேலை, படுக்க வைப்பது உன் வேலை என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

படுக்க வைப்பது அவ்வளவு சுலபமா? கெஞ்சினேன், மிரட்டினேன், அழுதுகூடப் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதையெல்லாம் செலவழித்தும் பலனில்லை. நான் பக்கத்தில் இருக்கிற வரைக்கும் நல்ல பிள்ளையாகக் கிடப்பார். அந்தப் பக்கம் திரும்பினால் மணல் மூட்டை ஓரங்குலம் நகர்ந்திருக்கும். எந்நேரமும் காவல் காக்க என்னால் முடியுமா? உலை வைக்க வேண்டாமா, துணி துவைக்க வேண்டாமா?

ஒரு நாள் மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். இவர் மூச்சுக் காட்டாமல் கிடந்தார். தூங்குகிறாரோ என்று பார்த்தால் கண் திறந்திருந்தது. ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி உள்ளே வந்து, வழி தெரியாமல் கூரைக்கும் சுவருக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது வெளியே போகிற வரைக்கும் இவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கஞ்சி ஆறிப்போனது. பரவாயில்லை, எனக்கு வழி கிடைத்துவிட்டது.

இவருக்கு வேண்டியது காவல் இல்லை, வேடிக்கை. ஜன்னலுக்கு வெளியே பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்துகொண்டே இருந்தால் இவர் படுத்துக் கிடப்பார். அதற்குப் பூச்செடி வைக்க வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

பூச்செடி என்றால் தமிழ்ப் பெண்ணுக்கு முதலில் என்ன தோன்றும்? மல்லிகைதான். அதற்குப் பிறகு முல்லை, நந்தியாவட்டை. அங்கே இங்கே கேட்டு வாங்கி ஜன்னலுக்கு நேர் கீழே மண்ணைக் கொத்தி வைத்தேன். மல்லிகை மொட்டு விட்டது. சாயங்காலம் வாசனை வீடெல்லாம் நிறைந்தது. இருட்டிய பிறகு விளக்கைச் சுற்றும் அழுக்கு நிற அந்துப்பூச்சிகள் வந்தன. பகலில் ஓர் ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை.

வந்தாலும் பயனில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே வீடுகள் எல்லாம் மரக்கால்களின் மேல் உயரமாக நிற்கும். தரை ஓரிடம், நாங்கள் ஓரிடம். செடி எப்படி இருக்கிறது என்று இவரிடம் ஆசையாகக் கேட்டேன். எந்தச் செடி என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு வைத்திருக்கிறேன், ஒரு பார்வை பார்க்கக்கூடவா முடியவில்லை என்று பிடித்துக்கொண்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு இவர் சொன்னார்:

"நீயே இங்க வந்து படுத்துப் பாரு. என்ன தெரியுதுன்னு சொல்லு."

கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மணல் மூட்டைக்கு இந்தப் பக்கம் ஒடுங்கிப் படுத்தேன். ஜன்னலுக்கு வெளியே வானம் தெரிந்தது. கூரையிலிருந்து தொங்கிய ஓலை நுனி தெரிந்தது. ஒரு தென்னையின் தலையில் பாதி தெரிந்தது. அவ்வளவுதான். இதையா இத்தனை நாளும் பார்த்துக்கொண்டு கிடந்தார்? இவரை வாய்க்கு வந்தபடி பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது வேறு கதை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பர்மியப் பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். புருஷன் தமிழர், கப்பலில் வேலை, பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவரிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் அவள் பேச்சில் வசவு கொஞ்சம் தாராளமாக வரும். அர்த்தம் தெரியாமல் அன்பாகவே திட்டுவாள். பர்மாக்காரர்கள் அக்காவை 'மமா' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்த சாந்து, கொண்டையில் பூ, வாயில் சுருட்டு, இந்த மூன்றும் இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை.

விஷயத்தைச் சொன்னதும் மமா அரிவாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வேலி ஓரத்து மூங்கிலை வெட்டி, பிளந்து, இரண்டு பேருமாக ஜன்னல் உயரத்துக்கு ஒரு மேடை கட்டினோம். மண்ணெண்ணெய் டின்களில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மேடையில் வரிசையாக வைத்தோம். இனி என்ன செடி வைப்பது என்பதுதான் கேள்வி. மல்லிகைமேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் ரயில் பாதை ஓரத்தில் கிடைத்தது. கடைக்குப் போய்விட்டு வரும்போது பார்த்தேன். வேலி முழுக்க உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. கசக்கினால் நாறுமே, ஆடுகூடக் கடிக்காதே, அந்தச் செடிதான். அதன் ஆரஞ்சும் மஞ்சளுமான பூக்கள்மேல் பட்டாம்பூச்சிகள் சந்தைக் கூட்டமாக மொய்த்துக்கொண்டிருந்தன. வாசனைக்கு மயங்குவது நாம்தான். அவற்றுக்கு வேண்டியது நிறம், வெயில், அடியில் ஒரு துளி தேன். அரிசிப் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே ஒரு செடியை வேரோடு பிடுங்கினேன். ரயிலில் போனவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது.

மமாவின் வீட்டிலிருந்து சிவப்புச் செம்பருத்தியும் இட்லிப் பூவும் வந்தன. இரண்டும் பூக்கிற பருவத்தில் இருந்த செடிகள். தேன்சிட்டுக்கு அவை உசிர் என்று அவள் சொன்னாள். நடுவில் காசித்தும்பை விதைத்தேன். ஓரத்தில் ஒரு டின்னில் என் கறிவேப்பிலைக் கன்று. அது பட்டாம்பூச்சிக்காக இல்லை, எங்கள் ரசத்துக்காக. கப்பலில் வந்த ஒருவர் வேரில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த கன்று, அங்கே கிடைத்தற்கரிய பொருள். ஆடு மாடு எட்டாத உயரம் என்பதால் அதற்கும் மேடையில் இடம் கொடுத்தேன்.

சில வாரத்தில் மேடை பூத்தது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா. படுத்தபடியே மேடை முழுக்கத் தெரிகிறது என்று இவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் வர வேண்டியவர்கள் வரவில்லை. ஒன்றிரண்டு வண்ணத்துப்பூச்சிகள் தாழப் பறந்து வந்து, மேடையைச் சுற்றிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டார்கள் என்பதுபோலத் திரும்பிப் போயின. ரங்கூன் பட்டாம்பூச்சிக்குக்கூட என்னைக் கண்டால் இளக்காரமா என்று இவரிடம் புலம்பினேன். மணல் மூட்டை மறுபடி நகர ஆரம்பித்திருந்தது.

ஏன் வரவில்லை என்று நீங்கள் இந்நேரம் யோசிப்பீர்கள். காரணம் என் கையிலேயே இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. இரண்டாவது தடவை எலும்பை இழுத்துக் கட்டியபோது, ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்று நான் அம்மனிடம் ஒரு வேண்டுதல் வைத்திருந்தேன். இவர் எழுந்து நிற்கிற நாள் வரை, என் கையால் வளர்த்த பூவை, வண்டு வாய் வைப்பதற்கு முன்னால் விடியலிலேயே பறித்து, தினமும் கூடை நிறைய உனக்குச் சூட்டுகிறேன் என்று. எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம். வண்டு தொட்டுவிட்டால் எச்சில், சாமிக்கு ஆகாது. செடிகள் பூத்த நாள் முதல் வெளிச்சம் வருமுன் எழுந்து, குளித்து, மேடையின் ஓரத்தில் ஏறி, மலர்ந்தது ஒன்று விடாமல் பறித்துவிடுவேன். நான் கூடையோடு இறங்கினால் அந்தப் பக்கத்திலிருந்து மமா வருவாள். நான் தவறவிட்டதை அவள் தன் புத்தருக்கும் கொண்டைக்குமாகப் பறித்துக்கொள்வாள். பொழுது விடியும்போது மேடையில் மிஞ்சுவது இலையும் மொட்டும்தான். வண்டு வாய் வைக்கக் கூடாது என்று பறித்துவிட்டு, வண்டு ஏன் வரவில்லை என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை. வழக்கம்போல் பறித்துவிட்டு, உள்ளறையில் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் தொப்பென்று ஏதோ விழுந்தது. மணல் மூட்டை விழுகிற சத்தம் எனக்குக் கனவில்கூடத் தெரியும். ஓடினேன். இவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்புக்கு மேலே தூக்கிக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை கட்டின கால் படுக்கை விளிம்பில் சாய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் கீழே.

ஒரு கையால் காலையும் ஒரு கையால் முதுகையும் தாங்கி, மெல்ல மெல்லப் படுக்க வைத்தேன். மூட்டையை எடுத்து முட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. உங்களுக்கென்ன, நொண்டிக் காலோடு ஆயுசு முழுக்கக் கிடப்பீர்கள், பார்க்க வேண்டியவள் நான்தானே என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். நான் கொட்டி முடிக்கும் வரை இவர் காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொன்னார். இலைக்கு அடியில் மறைந்திருந்த ஒரு செம்பருத்தியை நான் விட்டுவிட்டேனாம். அதற்கு ஒரு தேன்சிட்டு வந்ததாம். கட்டைவிரல் நீளம், கழுத்தில் ஊதா மின்னல், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு குடித்ததாம். வேறு பூ இருக்கிறதா என்று வரிசை முழுக்கத் தேடிவிட்டு, இல்லையென்றதும் கீழே இறங்கியதாம். எங்கே போகிறது என்று பார்க்கத்தான் எழுந்தாராம்.

"எல்லாத்தையும் நீயே பறிச்சுட்டுப் போயிட்டா, அது எதுக்கு இங்க இருக்கும்? நான் எதைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கிறது?"

சொல்லும்போது இவர் குரல் உடைந்துவிட்டது. இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. எலும்பை இழுத்தபோது கத்தினாரே தவிர அழவில்லை.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. இரண்டு பக்கமும் பயம். பறித்தால் இவர் மறுபடி எழுந்திருப்பார், கால் போய்விடும். பறிக்காவிட்டால் வேண்டுதல் முறிந்து, அம்மன் கோபத்தில் கால் போய்விடும். இந்தக் காலுக்காகத்தானே அந்த வேண்டுதல்? யாரிடமாவது கேட்கலாம் என்றால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சாமிக்கு நேர்ந்ததை மாற்றாதே என்பார்கள். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அம்மன் முன்னால் உட்கார்ந்து நேராகவே பேசினேன். நீயும் பெண்தான், உனக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை, நாளையிலிருந்து பூ செடியிலேயே இருக்கும், தண்டனை என்றால் என் காலுக்குக் கொடு என்றேன். பேசி முடித்ததும் இன்னொன்று தோன்றியது. படத்தை ஆணியிலிருந்து எடுத்தேன். அடுத்த அறைக்குக் கொண்டுபோய், இவர் தலைமாட்டுச் சுவரில், ஜன்னலைப் பார்த்தாற்போல் மாட்டினேன். இங்கிருந்தே பார்த்துக்கொள், எல்லாப் பூவும் உனக்குத்தான், பறிக்க மட்டும் மாட்டேன் என்றேன்.

இவர் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்துவிட்டு, ஆக என்னைக் காவல் காக்க இன்னொரு ஆளும் வந்தாயிற்றா என்று கேட்டார். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தோம்.

மமாவிடம் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். அவள் கொடுத்த செடி, அவள் சாமிக்குப் பறிக்கிறாள், நான் எப்படித் தடுப்பேன்? சொன்னதும் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள். "சரி, தங்கச்சி. குருவி சாப்பிட்டா அதுவும் தானம்தான். எங்க புத்தர் கோவிச்சுக்க மாட்டார்" என்றாள். மறுநாள் அவள் கொண்டையில் பூ இல்லை. அதைப் பார்த்ததும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் அன்பாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

கூடையோடு நான் போகாத முதல் காலையில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிறகு வர ஆரம்பித்தன. முதலில் தேன்சிட்டு ஜோடி. பிறகு மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டாம்பூச்சிகள். வெயில் ஏற ஏறக் கூட்டம். எந்தப் பூவுக்கு எது வரும், எது எந்த நேரத்தில் வரும் என்று இவர் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டார். காசித்தும்பையை அவை கண்டுகொள்ளவில்லை, இன்னொரு இட்லிப் பூச்செடி வை என்று படுக்கையிலிருந்தே உத்தரவு வரும். மணல் மூட்டை வைத்த இடத்தில் இருந்தது.

அப்போதுதான் என் கறிவேப்பிலைக்குக் கேடு வந்தது. ஒரு நாள் பார்த்தால் இலை நுனியெல்லாம் கத்தரித்தாற்போல் இருந்தது. பச்சைப் பச்சையாக விரல் தடிமனில் புழுக்கள். தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் வேறு விடும். கன்று சின்னது, இத்தனை புழு எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் காலையிலேயே காத்திருந்து பிடித்தேன். மமா தன் எலுமிச்சைச் செடியிலிருந்த புழுக்களை ஓர் இலையில் ஏந்தி வந்து, பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல ஒவ்வொன்றாக என் கறிவேப்பிலையில் விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"என் எலுமிச்சை செத்துப் போவுது. புழுவைக் கொன்னா எனக்குப் பாவம். உன் இலையைச் சாப்பிட்டா உனக்குப் புண்ணியம். உனக்குத்தான் கொடுக்கிறேன், தங்கச்சி."

அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தேன். ஒரு தூவல் தூவினால் எல்லாம் உதிர்ந்துவிடும். ஜன்னலுக்குள்ளிருந்து இவர் குரல் வந்தது. வேண்டாம், அந்த டின்னை இன்னும் கிட்டே நகர்த்தி வை என்றார். ரசத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மோர் ஊற்று என்றார்.

டின்னை ஜன்னல் கம்பியை ஒட்டி வைத்துவிட்டு, இரண்டு நாள் இவரோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்? பூவுக்கு வருபவை வந்த வேகத்தில் போய்விடும். இந்தப் புழுக்கள் போகவில்லை. தின்றன, தோலை உரித்தன, தடித்தன. இவரும் நாள் முழுக்க அவற்றோடு கிடந்தார். ஒன்று மட்டும் ஜன்னல் கட்டைக்கே ஊர்ந்து வந்து, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, சாய்ந்து நின்று கூடாக மாறியது. அது அசையவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இவரும் அசையவில்லை. சாப்பாடு ஊட்டும்போது வாயைத் திறப்பாரே தவிர, கண் அங்கேயே இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். எல்லாம் அவிழ்ந்து மறுபடி கூடிக்கொண்டிருக்கும் என்றார்.

கட்டு அவிழ்க்கிற நாள் வந்தது. டாக்டர் காலையிலேயே பையோடு வந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து அந்தக் கூடு கறுத்திருந்தது. உள்ளிருந்த இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் வெளியே தெரிந்தன. டாக்டர் கத்தரியை எடுத்தார். இவர் கை கூப்பி, கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றார்.

இத்தனை மாதமும் எப்போது அவிழ்ப்பீர்கள் என்று அவரை அரித்தெடுத்த மனிதர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்ததா, வேடிக்கையாக இருந்ததா தெரியவில்லை. வேறு வீட்டுக்கும் போக வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் தேநீர் கொடுத்தேன். சத்தம் கேட்டு மமாவும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கூடு வெடித்தது. கறுப்பாக, ஈரமாக, பிழிந்துபோட்ட துணிபோல ஒன்று வெளியே வந்து கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. இதுவா பறக்கப்போகிறது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. இறக்கை மெல்ல விரிந்தது. ஆனால் அது பறக்கவில்லை. காத்திருந்து அலுத்துப்போன டாக்டர், விரலால் மெதுவாகத் தட்டிவிடலாமா என்று எழுந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்க, டாக்டர் பாபு" என்றார் இவர். "இன்னும் காயல. இப்ப பறந்தா இறக்கை கோணிடும்."

நான் இந்துஸ்தானியில் சொன்னேன். டாக்டர் கையை எடுத்துக்கொண்டு இவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இத்தனை மாதம் நான் இவனுக்குச் சொன்னதை இவன் எனக்குச் சொல்கிறான் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் நிறைந்துவிட்டது. கால் சரியாகக் கூடியிருக்கும் என்று கட்டை அவிழ்க்கும் முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெயில் ஜன்னல் கட்டைக்கு வந்ததும் அது பறந்தது. இட்லிப் பூவின்மேல் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டு, வேலியைத் தாண்டி மமாவின் எலுமிச்சைப் பக்கம் போயிற்று. டாக்டர் கட்டை அவிழ்த்து, தொடையை அழுத்திப் பார்த்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்து அளந்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. நிற்கச் சொன்னார். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால் குச்சியாக மெலிந்து நடுங்கியது. உடம்பு பாரம் முழுக்க என் தோளில் விழுந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். உனக்கு வலிக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு வலித்தது. இல்லை என்றேன்.

அடுத்த நெல் பருவத்தில் இவர் மில்லுக்குப் போனார், ஏணியும் ஏறினார். ஆனால் உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்தார். என் கறிவேப்பிலை மறுபடி துளிர்த்து, மமாவின் விருந்தாளிகளுக்குப் போக எங்கள் ரசத்துக்கும் மிச்சம் கொடுத்தது. இதெல்லாம் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வேண்டுதலை மாற்றிய பிறகு அம்மன் காலடியில் நான் ஒரு பூகூட வைக்கவில்லை, அவளோ கணக்குப் பார்க்காமல் என் மனிதரை எழுப்பி என் தோள்மேல் நிறுத்திக் கொடுத்தாள். அதனால் இன்றைக்கும் பூப்பறிக்கப் போனால், வருகிறவர்களுக்கென்று செடியில் கொஞ்சம் விட்டுவைக்காமல் திரும்ப எனக்குக் கால் வருவதில்லை.